கார் லோனை முடிக்கும்போது பலரும் கோட்டை விடும் இடங்கள்

கடைசி இஎம்ஐ போனதும் வங்கியிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வரும். அதைக் காட்டி வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. தப்பே இல்லை, ஏழு வருஷம் மாசாமாசம் 5ஆம் தேதியைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் நியாயமானதுதான். ஆனால் அன்றைக்கே வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர், முகவரியோடு ஃபைனான்சியர் என்ற இடத்தில் வங்கியின் பெயர் அப்படியே நின்றுகொண்டிருக்கும். நீங்கள் பணம் கட்டி முடித்ததால் அது தானாக அழிந்துவிடாது. அதை நீக்காமல் நாலு வருஷம் ஓட்டிவிட்டு, கார் விற்கப் போகிற அன்றைக்கு வங்கி கொடுத்த தடையில்லாச் சான்றை, அதாவது என்ஓசியை, தேடி அலமாரியைக் கவிழ்க்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

லோனை அடைப்பதில் ஆரம்பித்து, இஎம்ஐ இல்லாத முதல் ஒன்றிரண்டு வருஷம் வரைக்கும் என்னென்ன தவறுகள் நடக்கின்றன என்று பார்ப்போம். தமிழ்நாட்டில், சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்கியவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். டாக்ஸி, லோடு வண்டிக்குக் கணக்கு வேறு.

எப்போது அடைப்பது என்று கணக்குப் போடாமல் அடைப்பது

கையில் போனஸ் வந்தது, சீட்டு விழுந்தது, உடனே லோனை முடித்துவிட வேண்டும் என்று ஒரு வேகம் வரும். கடன் என்றாலே நம் வீடுகளில் ஒரு கூச்சம் இருக்கிறது, அதனால் இந்த வேகத்தை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது.

8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாசம் சுமார் 12,871 ரூபாய் வரும். முதல் மாசம் கட்டுவதில் 6,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 6,871 தான். இரண்டு வருஷம் கட்டியபின் அசல் பாக்கி சுமார் 6.20 லட்சம் நிற்கும். அந்த நேரத்தில் மொத்தமாக அடைத்தால், மீதி அஞ்சு வருஷத்தில் போகவிருந்த 1.52 லட்சம் வட்டி மிச்சமாகிறது. முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி 5 சதவீதம் ஃபோர்குளோஷர் சார்ஜும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போட்டு 36,600 ரூபாய் பிடித்தாலும் உங்களுக்கு 1.15 லட்சம் லாபம். சரி, அடையுங்கள்.

அதே லோனில் கடைசி ஒரு வருஷம்தான் பாக்கி என்றால்? அசல் சுமார் 1.47 லட்சம், இனி கட்டப்போகிற வட்டி மொத்தமே 7,300 ரூபாய்க்குள்தான். 3 சதவீதச் சார்ஜ், ஜிஎஸ்டி என்று 5,200 ரூபாய் போனால் மிச்சம் ஏறக்குறைய 2,000 ரூபாய். இந்த 2,000 ரூபாய்க்காக, ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று வைத்திருந்த ஒன்றரை லட்சத்தைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த மாசமே ஒரு அவசரம் வந்து கிரெடிட் கார்டைத் தேய்த்தால், மாசத்துக்கு மூன்றரை சதவீதம் என்று அது ஒரே மூச்சில் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஏற்கெனவே கார்டில் பாக்கி வைத்துக்கொண்டு 9 சதவீத கார் லோனை முதலில் அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கார் கண்ணுக்குத் தெரிகிறது, கார்டு பாக்கி தெரிவதில்லை, வேறென்ன சொல்ல.

ஃபோர்குளோஷர் சார்ஜ் வங்கிக்கு வங்கி மாறும். மாறும் வட்டியில் தனிநபர்கள் சொந்தத் தேவைக்கு வாங்கிய கடனை முன்கூட்டி அடைத்தால் சார்ஜ் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதை எங்கோ படித்துவிட்டுக் கிளையில் போய்ச் சண்டை போடுவதற்கு முன்னால் உங்கள் லோன் ஒப்பந்தத்தைப் பாருங்கள், ஏனென்றால் கார் லோன் பெரும்பாலும் நிலையான வட்டியில்தான் கொடுக்கப்படுகிறது, அதற்கு இந்த விதி பொருந்தாது. சார்ஜ் எத்தனை சதவீதம், எத்தனை மாசத்துக்குப் பிறகு குறைகிறது என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்திலேயே அச்சாகியிருக்கும். 24ஆவது மாசம் முடிந்தால் சார்ஜ் குறைகிறது என்று போட்டிருந்தால், 23ஆவது மாசத்தில் அடைப்பது தானம் செய்வதுதான்.

மொத்தமாக அடைக்க முடியாதவர்கள் பகுதி பகுதியாகவும் கட்டலாம், பார்ட் பேமென்ட் என்பார்கள். இதில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. 50,000 ரூபாயை லோன் கணக்கில் போட்டுவிட்டு அசல் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அது அசலில் கழிந்ததா, இல்லை அடுத்த மாசங்களின் இஎம்ஐக்கு முன்பணமாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்க்க வேண்டும். கழிந்தது என்றால், இஎம்ஐ தொகையைக் குறைக்காமல் மாசங்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வட்டி மிச்சமாவது அதில்தான்.

590 ரூபாயில் மாட்டிக்கொள்வது

இது கொஞ்சம் எரிச்சலூட்டும் விஷயம். எல்லாத் தவணையும் கட்டியாயிற்று, ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசம் சம்பளம் ரெண்டு நாள் தள்ளி வந்ததில் இஎம்ஐ பவுன்ஸ் ஆகியிருக்கும். அந்தத் தவணையை மறுநாளே கட்டிவிட்டீர்கள். பவுன்ஸ் சார்ஜ் 590 ரூபாய் மட்டும் கணக்கில் ஓரமாகக் கிடக்கிறது. யாரும் கேட்டதில்லை, நீங்களும் பார்த்ததில்லை. கடைசித் தவணைக்குப் பிறகும் லோன் கணக்கு மூடப்படாமல் நிற்கும், என்ஓசி வராது, கிரெடிட் ரிப்போர்ட்டில் பாக்கி இருப்பதாகவே காட்டும்.

அதனால் கடைசித் தவணைக்கு ரெண்டு மூன்று மாசம் இருக்கும்போதே முழு ஸ்டேட்மென்ட் எடுத்து, இஎம்ஐ அல்லாத வரிகளை மட்டும் விரல் வைத்துப் படியுங்கள். தவறான சார்ஜ் என்றால் மின்னஞ்சலில் கேளுங்கள், சில நேரம் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

முன்கூட்டி அடைக்கிறவர்கள் ஃபோர்குளோஷர் லெட்டர் என்று ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் எந்தத் தேதி வரைக்கும் அந்தத் தொகை செல்லும், அதற்குமேல் நாளொன்றுக்கு எவ்வளவு வட்டி கூடும் என்று போட்டிருக்கும். வெள்ளிக்கிழமை லெட்டர் வாங்கி, செக் போட்டு, அது செவ்வாய்க்கிழமை பாஸ் ஆனால் நாலு நாள் வட்டி குறைவாக நிற்கும். பணத்தை வங்கியின் லோன் கணக்குக்கு நேராகக் கட்டுங்கள். "என் கணக்குக்கு ஜிபே பண்ணுங்க சார், நான் உள்ளே கட்டிடறேன்" என்று வசூல் ஏஜென்ட் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தவணை நிறையத் தவறியவர்களிடம் "ஒரு தொகை கொடுங்க, செட்டில் பண்ணிக்கலாம்" என்று பேச்சு வரும். பாக்கியைவிடக் குறைவாகக் கட்டி முடித்தால் ரிப்போர்ட்டில் அது முழுசாக அடைத்த கடனாக ஏறாது, செட்டில்டு என்றுதான் ஏறும். அடுத்து வீட்டு லோன் கேட்கப் போனால் அந்த ஒற்றை வரிக்குப் பதில் சொல்லியே அலுத்துப் போவீர்கள். முடிந்தவரை முழுசாகவே கட்டுங்கள்.

இன்னொன்று, இஎம்ஐ பிடிக்க நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாச் மேண்டேட். முன்கூட்டி லோனை அடைத்த மாசத்தில்கூட அது பாட்டுக்கு ஒரு இஎம்ஐயை உருவிவிடும் சம்பவம் நடக்கிறது. பணம் திரும்ப வரும், ஆனால் வருவதற்குள் அந்த மாச வாடகை பவுன்ஸ் ஆகலாம். லோன் மூடியதும் மேண்டேட்டை ரத்து செய்யச் சொல்லி உங்கள் சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கியிலும் கேளுங்கள். ஆரம்பத்தில் தேதி போடாமல் செக் கொடுத்திருந்தால் அவற்றையும் எண்ணித் திரும்ப வாங்குங்கள்.

ஹெச்பி கேன்சல் பண்ணாமல் விடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு, இதில் கொஞ்சம் நின்று பேசலாம்.

கடனில் கார் வாங்கும்போது மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 51ஆம் பிரிவுப்படி வங்கியின் பெயர் ஆர்சியில் ஏறுகிறது, ஹைப்பாதிகேஷன் என்பது அதுதான், பேச்சில் ஹெச்பி. ஏற்றுவதற்குப் படிவம் 34, இறக்குவதற்குப் படிவம் 35. ஏற்றியது ஷோரூம்காரர், அதனால் அந்த வேலை நமக்குத் தெரியவே வராது. இறக்க வேண்டியது நாம், அதனால்தான் பலருக்கும் அப்படி ஒரு வேலை இருப்பதே தெரிவதில்லை.

லோன் முடிந்ததும் வங்கியிலிருந்து வர வேண்டியவை: என்ஓசி, வங்கியின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள படிவம் 35 ரெண்டு பிரதி, கணக்கு மூடப்பட்டது என்ற கடிதம். 2023 செப்டம்பர் 13இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. கடன் முழுசாக அடைந்த 30 நாளுக்குள் ஒரிஜினல் ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் தன் பெயரில் இருக்கும் பிடியையும் வங்கி விலக்க வேண்டும், தன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று. அந்த வருஷம் டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கார் லோன் ரிசர்வ் வங்கியின் கணக்கில் தனிநபர் கடன் என்ற வகையில்தான் வரும். கஸ்டமர் கேரில் இழுத்தடித்தால் இந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனில் போகலாம். நாலு தடவை போன் போடுவதைவிட அந்த ஒரு மின்னஞ்சல் வேலை செய்யும்.

கவர் வந்ததும் பீரோவில் வைத்துவிடாதீர்கள். பிரித்து ஆர்சியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வண்டி எண், இன்ஜின் எண், சேஸ் எண், பெயரின் இனிஷியல். சேஸ் எண்ணில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஆர்டிஓ கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள், மறுபடியும் வங்கி, மறுபடியும் ரெண்டு வாரம். என்ஓசியில் தேதியையும் பாருங்கள், பல வங்கிகளின் என்ஓசி 90 நாள்தான் செல்லும் என்று அதிலேயே போட்டிருக்கும். காலாவதியானால் புதுசு வாங்கலாம், ஆனால் அதற்குக் கட்டணம், அலைச்சல். கடன் கொடுத்தது ஒரு சின்ன ஃபைனான்ஸ் கம்பெனி, அது இன்னொரு கம்பெனியோடு இணைந்துவிட்டது, உங்கள் ஊரில் இருந்த கிளை இப்போது மொபைல் கடை என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண், சேஸ் எண்ணின் கடைசி அஞ்சு இலக்கம் போட்டு ஹைப்பாதிகேஷன் நீக்கத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இங்கேதான் அந்தப் பிரபலமான சிக்கல்: ஓடிபி வரவே வராது. ஏனென்றால் ஏழு வருஷத்துக்கு முன்னால் பதிவு செய்தபோது ஷோரூம் ஆள் தன் நம்பரையோ புரோக்கர் நம்பரையோ போட்டுவிட்டுப் போயிருப்பார். முதலில் அந்த நம்பரை உங்கள் நம்பராக மாற்றுங்கள், அதற்கும் அதே தளத்தில் வழி இருக்கிறது. பாக்கி இருக்கும் இ-சலானைக் கட்டுங்கள், இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் விண்ணப்பம் நகரும். முகவரியும் முக்கியம். தமிழ்நாட்டில் இப்போது புது ஆர்சி தபாலில்தான் வீட்டுக்கு வருகிறது, வீடு மாறியிருந்தால் அது பழைய வாடகை வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போகும்.

புரோக்கரிடம் கொடுக்கலாமா என்றால், கொடுப்பவர்கள் கொடுக்கிறார்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஒரிஜினல் என்ஓசியையும் படிவம் 35ஐயும் ஸ்கேன் எடுக்காமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள். வேலை முடிந்தது என்று அவர் சொன்னதும் நம்பிவிடாமல் எம்பரிவாகன் செயலியிலோ டிஜிலாக்கர் செயலியிலோ ஆர்சியைத் திறந்து வங்கியின் பெயர் போய்விட்டதா என்று நீங்களே பாருங்கள்.

"விற்கிற எண்ணமே இல்லை, எதற்கு இந்த அலைச்சல்" என்று கேட்பவர்களுக்கு: ஓனர் இறந்துபோனால் வாரிசு பெயருக்கு மாற்றும்போது, அந்தத் துக்கத்துக்கு நடுவில், மனைவியோ பிள்ளையோதான் பழைய வங்கியின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

இன்சூரன்ஸை மறந்துவிடுவது

ஆர்சியில் நீக்கினால் பாலிசியிலும் நீங்கிவிடாது. பாலிசி தாளிலும் வங்கியின் பெயர் தனியாக இருக்கும். புது ஆர்சியையும் என்ஓசியையும் அனுப்பி பாலிசியில் திருத்தம், அதாவது எண்டார்ஸ்மென்ட், போடச் சொல்ல வேண்டும். கார் திருடு போனாலோ ரிப்பேருக்கே ஆகாத அளவுக்கு நொறுங்கினாலோ, பாலிசியில் பெயர் இருக்கிற வங்கிக்குத்தான் முதலில் பணம் போகும், இல்லையென்றால் அவர்களிடம் கடிதம் வாங்கி வா என்பார்கள்.

லோன் வாங்கும்போதே ஆயுள் காப்பீடு ஒன்றைச் சேர்த்து, பிரீமியத்தையும் கடனிலேயே ஏற்றியிருப்பார்கள், பல பேருக்கு அது இருப்பதே தெரியாது. முன்கூட்டி அடைத்தால் மீதிக் காலத்துக்கான தொகை ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்காமல் தர மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு தவறும் இருக்கிறது. லோன் இருந்தவரை வங்கி கட்டாயப்படுத்தியதால் முழு இன்சூரன்ஸ் போட்டார்கள், முடிந்ததும் "சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு போதும்தானே" என்று அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சட்டப்படி போதும், உண்மைதான். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் தண்ணீரில் நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் நபர் பாலிசியில் அந்த வண்டிகளுக்கு ஒரு ரூபாய் வராது. அஞ்சு லட்சம் மதிப்புள்ள காரைக் கைக்காசில் மறுபடி வாங்க முடியும் என்றால் விடுங்கள், முடியாது என்றால் சொந்தச் சேதத்துக்கான பகுதியைத் தொடருங்கள். தாழ்வான பகுதி என்றால் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆனும் சேருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது, உள்ளே தண்ணீர் ஏறி இன்ஜின் உடைந்தால் சாதாரண பாலிசியில் அந்த க்ளைம் தள்ளுபடியாகும், இது லோனுக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

ரிப்போர்ட்டைப் பார்க்காமல் விடுவது

நம் கடன் வரலாற்றைச் சொல்லும் கிரெடிட் ரிப்போர்ட்டைத் தருவது சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நாலு நிறுவனங்கள். ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். லோன் மூடி ஒன்றிரண்டு மாசம் கழித்து எடுத்து, கணக்கு மூடப்பட்டதாகவும் பாக்கி பூஜ்யமாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். தப்பாக இருந்தால் புகார் கொடுங்கள், 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஸ்கோர் கொஞ்சம் இறங்கினால் பதற வேண்டாம், ஒரு பழைய கணக்கு மூடினால் அப்படி ஆவது சகஜம்.

அந்த 12,871 ரூபாய் காணாமல் போவது

இஎம்ஐ நின்ற முதல் மாசம் கணக்கில் பணம் மிச்சமாகத் தெரியும். ரெண்டாவது மாசமும் தெரியும். நாலாவது மாசம் எங்கே போனது என்றே தெரியாது. ஸ்விக்கி, புது போன், கொஞ்சம் பெரிய டூர் என்று கரைந்துவிடும். ஏழு வருஷம் அந்தப் பணம் இல்லாமலே குடும்பம் நடந்திருக்கிறது என்பதால், அதே 5ஆம் தேதி அதே தொகையை ரெக்கரிங் டெபாசிட்டிலோ மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியிலோ தானாகப் போகும்படி வைத்துவிடுவதுதான் சுலபம். மூன்று வருஷம் போட்டால் அசல் மட்டுமே 4.63 லட்சம். அடுத்த கார் வாங்கும்போது முன்பணம் பெரிதாக இருக்கும், ஏழு வருஷ லோனுக்குப் பதில் மூன்று வருஷ லோன் போதும். மேலே சொன்ன 8 லட்சத்தையே ஏழு வருஷத்துக்குப் பதில் அஞ்சு வருஷத்தில் கட்டினால் வட்டியில் சுமார் 85,000 ரூபாய் குறைகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முழுத் தொகையையும் முதலீட்டுக்கே தள்ளிவிடாதீர்கள். லோன் முடிகிற நேரத்தில் வாரன்டியும் முடிந்திருக்கும். டயர் நாலு, பேட்டரி, கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் வரிசையாகக் கை நீட்டுகிற வயசு அது. மாசம் ரெண்டு மூன்றாயிரத்தைத் தனியாக ஒதுக்கி, அதிலிருந்தே சர்வீஸும் வருஷா வருஷம் இன்சூரன்ஸும் கட்டினால், பெரிய பில் வந்த அன்றைக்கு "இதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்ற பேச்சு வீட்டில் எழாது.

அந்தப் பேச்சை எழுப்புவதற்கென்றே போன் வரும். லோன் முடிகிற சமயத்தில் ஷோரூமிலிருந்து எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்பார்கள், வங்கியிலிருந்து முன்னாலேயே அப்ரூவ் ஆன டாப்-அப் லோன் என்பார்கள். யோசித்துப் பாருங்கள், இன்சூரன்ஸ் கணக்குப்படியே நாலு வருஷம் தாண்டிய காரின் மதிப்பு பாதியாகிவிடுகிறது. அந்தப் பெரிய இறக்கம் உங்கள் பணத்தில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, இனிமேல் இறங்குவது மெதுவாகத்தான். புதுசு வாங்கினால் அந்த முதல் பாதி மறுபடியும் ஆரம்பிக்கிறது, அதுவும் கடன் காசில். குடும்பம் பெரிதாகிவிட்டது, வண்டி அடிக்கடி நிற்கிறது என்றால் மாற்றுங்கள், அது வேறு. போன் வந்ததற்காக மாற்றாதீர்கள்.

"பதினஞ்சு வருஷம் ஆனா உடைக்கணுமாமே, அதுக்குள்ள வித்துடணும்" என்று சொல்கிறவர்களும் உண்டு. பத்து வருஷ டீசல், பதினஞ்சு வருஷ பெட்ரோல் என்ற கெடுபிடியெல்லாம் டெல்லிப் பக்கத்துச் சமாச்சாரம். தமிழ்நாட்டில் சொந்த காருக்கு 15 வருஷம் முடிந்ததும் வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, பசுமை வரி கட்டி, ஆர்சியை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலிலிருந்து புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் 5,000 ரூபாய்க்கு ஏறிவிட்டது. அந்தத் தேதி ஆர்சியிலேயே இருக்கிறது, ஹெச்பி நீக்கிய புது ஆர்சி கைக்கு வரும்போது அதையும் பார்த்துக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.